சிவந்த எண்ணெய்: தைவான் சைப்ரஸ் மரமும் நம்ம ஊர் கண்வலிக்கிழங்கும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு எண்ணெயோட கதை. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, இந்த எபிசோட் ஏன் வந்தது என்று சொல்லிடறேன்.

போன வருஷம் மலைக்குப் போயிருந்தப்போ ஒரு கடையில் சின்ன பாட்டில் ஒன்று வாங்கினேன். பத்து மில்லி. 'ஹினோக்கி சைப்ரஸ் எண்ணெய்' என்று போட்டிருந்தது. மூடியைத் திறந்தால் புதுசா இழைச்ச மரப்பலகை வாசனை. லேபிளில் ஹினோகிட்டியால் இருக்கு, கிருமியைக் கொல்லும், மூட்டுவலி போகும் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கொடுத்தேன். அம்மாவுக்கு யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதம் உண்டு. கால் கட்டைவிரல் சிவந்து வீங்கினால் ரெண்டு நாள் நடக்க முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த கால்ச்சிசின் மாத்திரைதான் அப்போ கைகொடுக்கும்.

அம்மா பாட்டிலை மோந்து பார்த்துட்டு கேட்டாங்க: "ஏம்ப்பா, இதை வெந்நீர்ல ரெண்டு சொட்டு விட்டுக் குடிக்கலாமா? மாத்திரைன்னா கெமிக்கல். இது மரத்துல இருந்து வர்றதுதானே?"

எனக்குப் பதில் தெரியலை. கடைக்காரர் என்னிடம் குடிக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஏதோ தோணிச்சு, "இருங்கம்மா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். பார்க்கப் போன இடத்தில்தான் இந்தக் கதை கிடைத்தது. அது தைவானில் தொடங்கி, சென்டாய், லண்டன் எல்லாம் சுற்றி, கடைசியில் மூலனூரில் என் சித்தப்பா தோட்டத்தில் வந்து நின்றது.

மலை ரயிலும் மரமும்

ஊட்டி மலை ரயில் நமக்குத் தெரியும். 1908-ல் உதகை வரைக்கும் பாதை முடிந்தது. அதே காலத்தில் தைவானிலும் ஒரு மலை ரயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தைவான் 1895-லிருந்து ஜப்பானின் காலனி. ச்சியாயி நகரத்திலிருந்து அலிஷான் மலைக்குப் போகும் அந்தப் பாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டர் உயரத்தில் ஆரம்பித்து 2,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. வழியில் ஒரு குன்றை மூன்று முறை சுற்றி வளைந்து ஏறும். 1912-ல் அதன் முதல் பெரிய பகுதி திறக்கப்பட்டது.

அதைக் கட்டியது சுற்றுலாவுக்காக இல்லை. மரத்துக்காக. அலிஷான் பகுதி த்ஸோ என்ற பழங்குடி மக்களின் நிலம். அங்கே ஆயிரம் ஆண்டுகள் தாண்டிய சைப்ரஸ் மரங்கள் காடாக நின்றன. அதில் ஒரு வகையை ஜப்பானியர்கள் தங்கள் ஊர் ஹினோக்கி மரத்தின் உறவாகப் பார்த்து 'தைவான் ஹினோக்கி' என்றார்கள்.

ஜப்பானில் ஹினோக்கி சாதாரண மரமில்லை. நாராவில் உள்ள ஹோர்யூஜி கோயில், உலகத்தில் நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்களில் ஒன்று. சுமார் 1,300 ஆண்டுகளாக நிற்பது ஹினோக்கி மரத்தில்தான். இசே கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவதும் அதே மரத்தில். அப்படிப்பட்ட மரம் காலனியில் மலைமலையாக நின்றால் என்ன ஆகும்? வெட்டினார்கள். டோக்கியோவில் மெய்ஜி கோயிலுக்குப் போனவர்கள் அந்தப் பெரிய மரத் தோரணவாயிலைப் பார்த்திருப்பீர்கள். 12 மீட்டர் உயரம். 1920-ல் வைத்த பழைய தோரணத்தை மின்னல் தாக்கியபிறகு, 1975-ல் இப்போது நிற்பதை எழுப்பினார்கள். 1,500 ஆண்டு கடந்த தைவான் சைப்ரஸ் அது.

இந்த மரம் ஏன் உளுத்துப் போகவில்லை? மழைக்காடு, எப்போதும் ஈரம், பூஞ்சை மண்டும் இடம். அங்கே ஒரு மரம் ஆயிரம் வருஷம் நிற்கிறது என்றால் அதற்குள் ஏதோ காவல் இருக்கணும் இல்லையா? அந்தக் காவல் மரத்தின் வைரத்துக்குள் ஊறியிருக்கும் எண்ணெயில் இருந்தது.

கற்பூரம் பார்க்க வந்தவர்

டெட்சுவோ நோசோயே. 1902-ல் சென்டாயில் பிறந்தவர். தோஹொக்கு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ரிகோ மஜிமாவிடம் படித்தார். மஜிமா ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலை ஆராய்ந்து பெயர் பெற்றவர். வெளிநாட்டுக்காரன் செய்த வேலையையே திரும்பச் செய்யாமல், நம் மண்ணில் விளைவதை எடுத்து ஆராயணும் என்பது அவர் வழி.

1926-ல் நோசோயே தைவானுக்குப் போனார். போன காரணம் கற்பூரம். நாம் கோயிலில் ஏற்றும் கற்பூரம்தான். அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்கு இயற்கைக் கற்பூரம் போன முக்கிய இடம் தைவான். 1899-லேயே ஜப்பானிய அரசு அதைத் தன் தனியுரிமையாக ஆக்கிக்கொண்டது. செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் வேணும். சினிமா பிலிம், சீப்பு, பொம்மை எல்லாம் செல்லுலாய்டு. ஆக, காலனி மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வாசனைக்கும் ஒரு கணக்கு இருந்தது. இந்தக் கதையில் வரும் அறிவியலைப் பாராட்டும்போது இதையும் மறக்கக் கூடாது.

அதே 1926-ல் ஹிராவோ என்ற வேதியியலாளர் தைவான் ஹினோக்கி மர எண்ணெயிலிருந்து அடர்சிவப்பான ஒரு பொருளைப் பிரித்து, ஹினோகிட்டின் என்று பெயர் வைத்தார். எண்ணெய்க்குள் இப்படி ஒரு சிவப்பு எங்கிருந்து வந்தது?

நோசோயே பிறகு தைஹொக்கு, அதாவது இன்றைய தைபே நகரத்தின் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து இரும்பு வெளியே வந்தது. ஆமாம், இரும்புதான். ஒரு இரும்பு அணுவைச் சுற்றி ஒரே மாதிரி மூன்று மூலக்கூறுகள் பற்றிக்கொண்டு நிற்பதுதான் ஹினோகிட்டின். இரும்பை எடுத்துவிட்டால் சிவப்பு போய், வெளிறிய படிகம் ஒன்று மிஞ்சியது. 1936-ல் அதற்கு ஹினோகிட்டியால் என்று பெயர் வைத்தார். என் பாட்டில் லேபிளில் இருந்த அதே பெயர்.

ஆறா, ஏழா?

இப்போ கொஞ்சம் வேதியியல். பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம்.

பென்சீன் என்றால் ஆறு கார்பன் சேர்ந்த வளையம். 1865-ல் கெக்குலே சொன்னதிலிருந்து, நிலையான, சுலபத்தில் உடையாத 'அரோமாட்டிக்' வளையம் என்றாலே ஆறு மூலை என்று வேதியியலாளர்கள் பழகிவிட்டார்கள். ஹினோகிட்டியாலும் அதே குணத்தைத்தான் காட்டியது. ஆனால் அதை உடைத்துப் பார்த்தபோது கிடைத்த துண்டுகள் ஆறு மூலைக் கணக்கில் அடங்கவில்லை. கடைசியில் நோசோயே வந்து சேர்ந்த முடிவு: இது ஏழு மூலை. ஏழு கார்பன் வளையம், அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆக்சிஜன். நண்டு கொடுக்கு மாதிரி அந்த இரண்டு ஆக்சிஜனும்தான் இரும்பைக் கவ்விப் பிடிக்கின்றன.

1940-களின் தொடக்கத்தில் அவர் இந்த முடிவுக்கு வந்துவிட்டார். ஆனால் அது போர்க்காலம். ஜப்பானிய மொழி இதழ்களில் வந்தது ஐரோப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை. ஐரோப்பாவில் நடந்தது இவருக்குத் தெரியவில்லை.

அங்கே என்ன நடந்தது? 1942-ல் லண்டனில் ஒரு பூஞ்சையிலிருந்து ஸ்டிப்பிட்டாடிக் அமிலம் என்ற பொருளைப் பிரித்திருந்தார்கள். அதன் வடிவம் யாருக்கும் பிடிபடவில்லை. 1945-ல் ஆக்ஸ்போர்டில் இருந்த மைக்கேல் டூவர் என்ற இளைஞர், நம்ம அகமத்நகரில் 1918-ல் பிறந்தவர், ஒரு யோசனை சொன்னார். இது ஏழு மூலை வளையமாக இருக்கணும். அந்த வளையத்துக்கு 'ட்ரோப்போலோன்' என்று பெயரும் வைத்தார். அதே ஆண்டு அடுத்த யோசனையும் சொன்னார்: கால்ச்சிசின் மருந்துக்குள்ளும் இதே வளையம்தான் இருக்கு.

கால்ச்சிசின்! எங்க அம்மா மாத்திரை. இதைப் படிச்சப்போ நான் நாற்காலியை விட்டு எழுந்துட்டேன்.

கால்ச்சிசினை 1820-லேயே பாரிசில் பெல்லட்டியேவும் கவெந்துவும் பிரித்துவிட்டார்கள். மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்த அதே இருவர், அதே ஆண்டு. ஆனால் நூறு ஆண்டுக்கு மேல் அதன் வடிவம் தெரியாமல் இருந்தது. ஜெர்மனியின் விண்டவுஸ் 1920-களில் வரைந்த படத்தில் மூன்று வளையமும் ஆறு மூலை. அதில் இரண்டு ஏழு மூலை என்பதுதான் டூவர் சொன்ன திருத்தம். 1952-ல் எக்ஸ்-கதிர்ப் படம் அதை உறுதி செய்தது.

ஒருவர் ஆதாரங்களை வைத்துக் காகிதத்தில் யோசித்து வந்தார். இன்னொருவர் ஒரு மரத்தின் எண்ணெயை வருஷக்கணக்கில் காய்ச்சி, உடைத்து, அளந்து வந்தார். ஒருவரை ஒருவர் தெரியாமல் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்திருந்தார்கள்.

தோற்ற நாட்டின் பேராசிரியர்

1945-ல் ஜப்பான் சரணடைந்தது. தைவான் சீனக் குடியரசின் கைக்குப் போனது. லட்சக்கணக்கான ஜப்பானியர்கள் மூட்டை கட்டிக் கப்பல் ஏறினார்கள். ஆனால் நோசோயேவைப் போக விடவில்லை. புதிய தேசிய தைவான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருத்திக்கொண்டார்கள். நேற்றுவரை ஆண்ட நாட்டுக்காரர், இன்று ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர். 1947 பிப்ரவரியில் தைபேயில் அரசுக்கு எதிராக மக்கள் எழுந்தபோதும், அது கொடூரமாக அடக்கப்பட்டபோதும் அவர் அந்த ஊரில்தான் இருந்தார். 1948-ல் சென்டாய் திரும்பி, தோஹொக்கு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அதே 1948-ல் ஸ்வீடனில் ஹோல்கர் எர்ட்மனும் அவருடைய சகாக்களும், வட அமெரிக்காவின் மேற்குச் செஞ்சிடார் மரத்தின் வைரம் ஏன் உளுத்துப்போவதில்லை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அதுவும் சைப்ரஸ் குடும்பத்து மரம்தான். அதிலிருந்து மூன்று பொருள்களை எடுத்து துஜாப்ளிசின் என்று பெயர் வைத்தார்கள். மூன்றில் ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தால் அது நோசோயேவின் ஹினோகிட்டியாலேதான். பசிபிக் கடலின் இரண்டு கரையிலும் நிற்கும் மரங்கள், பூஞ்சையைத் தடுக்க ஒரே ஆயுதத்தை வைத்திருந்தன.

1950 நவம்பரில் லண்டனில் ட்ரோப்போலோன் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. நோசோயே அங்கே போகவில்லை. ஆனால் அவர் வேலை அங்கே எடுத்துச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு 'நேச்சர்' இதழில் அவருடைய கட்டுரை வந்தது. 1953-ல் முதல் முறையாக வெளிநாட்டுப் பயணம் புறப்பட்டபோது கையில் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டார். சந்தித்த வேதியியலாளர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினார். வெறும் கையெழுத்து இல்லை. படம் வரைந்தார்கள், சூத்திரம் எழுதினார்கள், கிண்டலும் அடித்தார்கள். 1994 வரைக்கும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆயிரம் பக்கத்துக்கு மேல் சேர்ந்த அந்த நோட்டுகள் இப்போது அச்சிலும் வந்துவிட்டன. 1958-ல் ஜப்பான் அவருக்குப் பண்பாட்டு விருது கொடுத்தது. 1996-ல் இறந்தார்.

எனக்கு அந்த நோட்டு ரொம்பப் பிடிச்சது. பத்து வருஷத்துக்கு மேல் யாரும் கேட்காத இடத்தில் இருந்து பேசிய மனுஷன், பிறகு வாழ்நாள் முழுக்க ஒவ்வொருவரையும் பேச வைத்துக் குறித்துக்கொண்டார்.

லேபிள் சொல்லாதது

சரி, என் பாட்டிலுக்கு வருவோம். இதுதான் நான் தெரிந்துகொண்டதில் முக்கியமானது.

ஹினோகிட்டியால் என்ற பெயரிலேயே ஹினோக்கி இருக்கு. ஆனால் ஜப்பானின் அசல் ஹினோக்கி மரத்தில் அந்தப் பொருள் கிட்டத்தட்ட இல்லை! இருப்பது தைவான் ஹினோக்கியிலும், ஜப்பானின் வடக்கே அவோமோரி பக்கம் வளரும் ஹிபா என்ற வேறு மரத்திலும், அமெரிக்கச் செஞ்சிடாரிலும். தைவானில் இயற்கைக் காட்டு மரங்களை வெட்ட 1991-லிருந்து தடை. ஆகவே இன்று பற்பசையிலும் தலைமுடித் தைலத்திலும் சேரும் ஹினோகிட்டியால் பெரும்பாலும் ஹிபா எண்ணெயிலிருந்து எடுத்தது, அல்லது தொழிற்சாலையில் செய்தது.

இன்னொன்று. ஐரோப்பாவில் 'சைப்ரஸ் எண்ணெய்' என்றால் மத்தியதரைக்கடல் பக்கத்து மரம். அதுவும் இலை, சிறுகிளையிலிருந்து வடிப்பது. அதில் பெரும்பங்கு ஆல்ஃபா-பைனீன், டெல்டா-3-கேரீன். பைன் மர வாசனைக்குக் காரணமான வகையறா. வைரத்தில் இருக்கும் காவல்காரன் இலையில் இருக்கணும் என்று கட்டாயம் இல்லை. ஆக, ஒரே பெயரில் மூன்று வேறு மரம், மரத்தின் வேறு வேறு பாகம், வேறு வேறு எண்ணெய். பாட்டில் லேபிளில் ஒன்றின் பெருமையை எடுத்து இன்னொன்றின் மேல் ஒட்டியிருந்தார்கள்.

சரி, அசல் ஹினோகிட்டியாலாகவே இருந்தாலும் அதன் மருத்துவ குணம் என்ன? பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அது தடுப்பது ஆய்வகத்தில் உறுதியானது. அதற்கு மேல் ஒரு ஆச்சரியம் 2017-ல் வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பர்க் என்பவரின் குழு, இரும்பை உள்ளே கடத்தும் புரதம் இல்லாத செல்களில் ஹினோகிட்டியாலைச் சேர்த்துப் பார்த்தது. செல் சவ்வின் வழியே இரும்பை அது சுமந்துகொண்டு போனது. ஈஸ்ட், மனிதக் குடல் செல்கள், எலி, வரிக்குதிரை மீன் என்று சோதித்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். யோசிச்சுப் பாருங்க. 1926-ல் எண்ணெயைச் சிவக்க வைத்த அதே பிடிதான். அன்று கறை மாதிரித் தெரிந்தது, 91 வருஷம் கழித்து மருந்துக்கான ஒரு வாசலாகத் தெரிகிறது.

ஆனால் வாசல் வேறு, வீடு வேறு. அது சுத்தமாகப் பிரித்த பொருள், அளந்த அளவு, ஆய்வக விலங்கு. வாசனை எண்ணெயை வெந்நீரில் விட்டுக் குடித்தால் ரத்தசோகை போகும் என்பதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை. மூட்டுவாதத்துக்கும் இல்லை.

சித்தப்பா தோட்டம்

இப்போ மூலனூர். என் சித்தப்பா அங்கே ஒன்றரை ஏக்கரில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கார். செங்காந்தள்தான், நம் மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களின் வரிசையில் முதலில் வருவது இதுதான். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். கொடி ஏறுவதற்குக் கிளுவை நட்டிருப்பார்கள். பூத்த காலத்தில் காலையில் ஆள் விட்டு ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தொட வைக்கணும். இல்லாவிட்டால் காய் பிடிக்காது. விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. விலை ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் படுத்துவிடும்.

அந்த விதையிலிருந்து எடுப்பது கால்ச்சிசின். எங்க அம்மா விழுங்கும் மாத்திரையின் வேர், அவங்க கொழுந்தனார் தோட்டத்தில் இருக்கு. இவ்வளவு வருஷம் எங்க வீட்டில் ஒருத்தருக்கும் அது தோணலை.

சித்தப்பாகிட்ட போனில் கேட்டேன், "இது மரம்செடியில் இருந்து வர்றது, அதனால் கெடுதல் இல்லைன்னு சொல்றாங்களே?" அவர் சிரிச்சார். "கிழங்கைத் தொட்டுட்டு கை கழுவாம சோறு தின்னக் கூடாதுன்னு எங்க காட்டு வேலைக்கு வர்ற புள்ளைங்களுக்குக் கூடத் தெரியும்டா. ஆடு மாட்டைக்கூட உள்ள விடமாட்டோம். செடியில் வந்தா நல்லதுன்னு எவன் சொன்னான்?"

அதுதான் விஷயம். ஏழு மூலை வளையம் ஒன்றுதான். ஒரு மரத்தில் அது பூஞ்சைக்கு எதிரான காவல். எங்கள் ஊர்க் கிழங்கில் அது ஆளைக் கொல்லும் நஞ்சு. அளந்து கொடுத்தால் மூட்டுவாதத்துக்கு மருந்து. வளையத்தோடு வேறு என்ன ஒட்டியிருக்கு, எவ்வளவு உள்ளே போகுது என்பதுதான் வித்தியாசம். கால்ச்சிசினில் மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. அதனால்தான் டாக்டர் அளவைத் தாண்டக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். இயற்கையா, கெமிக்கலா என்ற கேள்விக்கு இங்கே பதிலே கிடையாது. கேட்க வேண்டியது: எது, எந்தப் பாகத்திலிருந்து, எவ்வளவு, யார் அளந்தது?

அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். முழுசும் கேட்டுட்டு, "அப்போ இவ்வளவு நாளா உங்க சித்தப்பன் தோட்டத்தைத்தான் தின்னுட்டு இருக்கேனா?" என்றார்கள். பாட்டிலை என்ன செய்தீங்க என்று கேட்டேன். பஞ்சில் நனைத்து, பட்டுப்புடவை வைத்த பீரோவில், புடவையில் படாமல் ஓரமாக வைத்திருக்காங்களாம். நல்ல வாசனை. பெட்டிக்குள் மரவாசனை வைப்பது ரொம்ப காலத்துப் பழக்கம்தான். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மாத்திரை அதன் இடத்தில், அதே அளவில்.

இந்த எபிசோடைக் கேட்ட உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டில் இருக்கலாம். ஒருமுறை எடுத்து லேபிளைப் படிச்சுப் பாருங்க. மரத்தின் அறிவியல் பெயர் இருக்கா, இலையா கட்டையா என்று எழுதியிருக்கா? இல்லை என்றால் மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அடுத்த எபிசோடில் கற்பூரம் தனியாக வருகிறது. இன்று அதைத் தொட்டுவிட்டு மட்டும் போனோம்.